வலைக்குள் ஒன்றும் இல்லை

எங்கள் முன்முற்றத்தில் வலை போர்த்தி நிற்கும் இரண்டு செடிகளிலும் ஒரு பழம்கூட இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பறவைகள் தின்றுவிட்டன என்று நான் சொல்லிவந்தது பொய்.

ஒட்டாவாக் குளிர் மைனஸ் 30 வரை இறங்கும். அதைத் தாங்கும் இந்த மண்ணின் செடியாக இருக்க வேண்டும், காய்க்கவும் வேண்டும் என்பதில் மனுசிக்கும் எனக்கும் பிணக்கு இல்லை. எந்தச் செடி என்பதில்தான் பிணக்கு. அவள் சர்வீஸ்பெர்ரி என்றாள். மே மாதம் வெள்ளைப் பூ, ஜூன் கடைசியில் தின்னக்கூடிய ஊதாப் பழம். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒரு கன்று போதும். ஆனால் பழுத்த சில நாளில் ராபின்கள் மொட்டையடித்துவிடும். "குருவிக்குத் தீனி போடவோ காசு குடுக்கிறது?" என்று தட்டிவிட்டேன். அடுத்தது சோக்செர்ரி. அதன் விதையிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு. பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு என்று அதையும் தள்ளினேன்.

என் கண் முழுக்க விண்டர்பெர்ரியில். இலை எல்லாம் கொட்டியபின் வெறுங்கொப்பில் சிவப்பு மணிகள், கீழே வெண்பனி. அந்தப் பழமும் மனிதர் வயிற்றுக்கு ஆகாது. ஆனால் அப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லை. தெருவால் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நர்சரியில் நின்ற பெண்பிள்ளை, "இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கன்று ஒன்றும் எடுங்கள்" என்றாள். காய்க்காத செடிக்கும் அதே விலை. விற்கிற தந்திரம் என்று சிரித்துவிட்டு, 'விண்டர் ரெட்' என்ற பெண் கன்றுகள் இரண்டை மட்டும் தூக்கிவந்தேன். இத்தனைக்கும் நான் பனங்காணிக்குள் வளர்ந்தவன். பாளை தள்ளும்வரை பனை ஆணா பெண்ணா என்று தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் பொறுக்க வேண்டும். இங்கே முதல் நாளே மட்டையில் எழுதிக் கட்டியிருந்தது.

முதல் வருடம் பழம் இல்லை. கன்று இளசு என்றேன். இரண்டாம் வருடம் களிமண்ணைக் குறை சொன்னேன். அந்த வருடம்தான் பக்கத்து வீட்டு அம்மா விசாரித்தார். வாய் தானாகப் பறவைகளைக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாம் வருடம் மனுசிக்கும் சொல்லாமல் வேறொரு கடையில் ஆண் கன்று வாங்கினேன். பெயர் 'ஜிம் டேண்டி'. எதற்கு எது சோடி என்று கேட்கவில்லை. கேட்டால் பழைய முட்டாள்தனமும் சேர்ந்து வெளியே வருமே. அது முந்திப் பூக்கும் ஆண். என்னுடையவை பிந்திப் பூக்கும் பெண்கள். அவற்றுக்கு 'சதர்ன் ஜென்டில்மேன்' வேண்டுமாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள்.

போன ஆகஸ்டில் அந்த அம்மா கையில் ஒரு வலையோடு வந்து நின்றார். "இந்த முறையாவது பறவைகள் உனக்குக் கொஞ்சம் விட்டுவைக்கட்டும்." உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் நன்றி சொல்லி வலையை வாங்கினேன். அவரே ஒரு பக்கம் பிடிக்க, வெறும் இலைகளை இழுத்து மூடிக் கட்டினேன்.

இலை கொட்டியது. வலைக்குள் குச்சிகள் மட்டும். "இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை எதைக் காவல் காக்கிறியள்?" என்று மனுசி கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. எதிரே வந்தால் பனியைப் பற்றித்தான் பேசுகிறார்.

சொல்ல வேண்டியது அவரிடம்தான். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.