ஓடுகிற வண்டியிடம் கேளுங்கள்

மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. மாடியில் ரோபோ கட்டுகிறார்கள். ரோபோ என்றதும் கைகால் முளைத்த உருவத்தைத் தேட வேண்டாம். முழங்கால் உயரம், சக்கரங்கள், தலையில் சுற்றிக்கொண்டே லேசரால் தூரம் அளக்கும் லைடார். கிடங்கில் பெட்டி சுமக்கப் போகிற சாமான். மாடியில் எல்லோருக்கும் அது 'வண்டி'தான்.

நான் போனபோது வண்டி முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தாராளமாக வழி கிடந்தும், அதை விட்டுவிட்டு அறையையே சுற்றி வந்தது. தடைகளைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை கூச்சப்பட வேண்டும் என்று வண்டிக்குச் சொல்லும் எண் ஒன்று உண்டு. நேவ்2 மென்பொருளில் அதன் பெயர் இன்ஃப்ளேஷன் ரேடியஸ்.

"ஃபைல்ல 0.30 மீட்டர்னுதான் இருக்குண்ணே" என்றார் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த இளைஞர்.

"ஃபைல்ல இருக்கது இருக்கட்டும் தம்பி. ஓடுறது என்ன சொல்லுது, அதைக் கேளு."

சொன்ன பெரியவர் நூற்பாலையில் மின்பராமரிப்பு பார்த்துவிட்டு இங்கே வந்தவர். இளைஞர், ஓடும் நிரலிடமே எண்ணைக் கேட்கும் 'பாராம் கெட்' கட்டளையைத் தட்டினார். வந்த பதில் 0.55. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு அது.

காரணம் சிரிப்பை வரவழைத்தது. இந்த எண் அடங்கிய பகுதியின் பெயரை, எண்களை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை எழுத வேண்டும். ஒரு முறைதான் எழுதியிருந்தார்கள். பெயர் பொருந்தாததால் அதன் கீழ் இருந்த அத்தனை எண்களும் செல்லாக்காசு. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஆபத்தே அதுதான், கத்துகிற பிழையை எவரும் திருத்திவிடலாம்.

நேவ்2-க்கு அடித்தளமாக இந்த வண்டிக்குள் ஓடுவது ராஸ்2 என்ற ரோபோ மென்பொருள். ராஸ் 2007 வாக்கில் அமெரிக்காவின் வில்லோ கரேஜ் ஆய்வகத்தில் வளர்ந்த மென்பொருள். முதல் தலைமுறையில் எல்லா அமைப்பு எண்களும் ஒரே பொதுக் கிடங்கில் இருந்தன. அந்தத் தலைமுறையின் கடைசிப் பதிப்பான நொயெடிக்குக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றது. ராஸ்2இல் பொதுக் கிடங்கு கிடையாது. லைடாரைப் படிக்கும் நிரலும் சக்கரத்தை ஓட்டும் நிரலும் தத்தம் எண்களைத் தாமே வைத்திருக்கின்றன. கேட்டால் தாமே பதில் சொல்கின்றன. நிரல் வேறு வேலையில் மூழ்கிக் கிடந்தால் பதில் வராது. இறந்துவிட்டால் கேட்க ஆளே இல்லை.

பதில் வந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதைப் பெரியவர் காட்டினார். உச்ச வேகத்தை ஓடும்போதே குறைத்தார். திரும்பக் கேட்டால் புதிய எண்ணைச் சொல்கிறது. வண்டியோ பழைய வேகத்திலேயே போகிறது. அவர்களே எழுதிய அந்த நிரல், தொடக்கத்தில் ஒரு தடவை எண்ணைப் படித்துத் தனக்கென ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதன்பின் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. மாற்றம் வந்தால் கவனி என்று அதற்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

"மில்லு மோட்டார் டிரைவுல செட் ஃபிரீக்வென்சி வேற, அவுட்புட் ஃபிரீக்வென்சி வேற. கீபேடுல ரெண்டையும் பார்ப்போம். இங்கிட்டும் அதே கதைதான் சார்."

இன்னொரு பொறியும் உண்டு. ஒரே வைஃபையில் இரண்டு வண்டிகள், வலையில் வண்டிகளைப் பிரித்துவைக்கும் டொமைன் எண் இரண்டிலும் 0, நிரல்களுக்கும் ஒரே பெயர் என்றால், பதில் எந்த வண்டியிடமிருந்து வருகிறது என்றே தெரியாது. இதற்காகவே அங்கே ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் டொமைன் எண்ணை மார்க்கரில் எழுதியிருக்கிறார்கள்.

ஓடுகிற நிரலை விசாரிக்கும் இந்த வேலையின் பெரிய உதாரணம் செவ்வாயில் இருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. பொறியாளர்கள் பூமியில் இருந்த அதன் நகலை ஓடவிட்டு, அதே கோளாறை வரவழைத்தார்கள். முக்கியமான பணி ஒன்று, முன்னுரிமை குறைந்த பணி ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தது தெரியவந்தது. அதைத் தடுக்கும் அமைப்பு மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. 'வேண்டாம்' என்று வைத்திருந்தார்கள். பூமியிலிருந்தே அதை 'வேண்டும்' என்று மாற்றினார்கள். மறுதொடக்கம் நின்றது.

நம் கல்லூரிகளில் நிரல் எழுதச் சொல்லித் தருகிற அளவுக்கு, ஓடுகிற நிரலை விசாரிக்கச் சொல்லித் தருவதில்லை என்பது என் எண்ணம். இந்த மாடியில் வேலையில் பாதி விசாரணைதான்.

ரோபோ செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி நன்றாக ஓடுகிற நாளில் ஒவ்வொரு நிரலுக்கும் 'பாராம் டம்ப்' கொடுத்து எண்கள் அனைத்தையும் கோப்பில் இறக்கி, தேதி போட்டு வையுங்கள். ஓடும்போது மாற்றியதெல்லாம் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். நிரலை நிறுத்தினால் போய்விடும்.