தேய்ந்த அரம்

மாசி பிறந்தால் எங்கள் பட்டறை வாசலுக்குச் சீயக்காய் வாசம் வந்துவிடும். அதன் பின்னால், பளியர் பழங்குடியைச் சேர்ந்த பளியத் தாத்தா வருவார். திண்டுக்கல்லை ஒட்டிய நல்லாம்பட்டியில் என் தாத்தா பூட்டு செய்துகொண்டிருந்தார். வாசலில் நின்றால் சிறுமலை தெரியும். அந்த மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வெயில் ஏறுமுன் பளியத் தாத்தா வந்து சேர்ந்துவிடுவார். தலையில் சீயக்காய் மூட்டை, தோளில் மூங்கில் கூடை. 1970-களின் தொடக்கம் அது. எனக்கு ஏழெட்டு வயது.

"சாமி, தேஞ்ச அரம் கெடக்குதா?"

"கெடக்குது. மொதல்ல உக்காந்து கஞ்சியக் குடி."

வருடா வருடம் இதே கேள்விதான், இதே பதில்தான். பூட்டுப் பட்டறையில் அரத்துக்குப் பஞ்சமில்லை. சாவியின் ஒவ்வொரு பல்லையும் கையால் ராவித்தான் லீவருக்குப் பொருத்த வேண்டும். சில மாதங்களில் அரத்தின் பல் மழுங்கிவிடும். மழுங்கியது மூலையில் குவிந்து துருவேறும். அந்தக் குவியல் முன்னால் பளியத் தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். ஒருமுறை நான் பூட்டுத் தகட்டில் வெட்டிய நல்ல கனமான துண்டு ஒன்றை நீட்டினேன். வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது பொறி விடாது, கண்ணு." பச்சிரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வித்தியாசம் பட்டறையில் பிறந்த எனக்குத் தெரியவில்லை, அவருடைய காதுக்குத் தெரிந்தது.

பொறி என்றால் என்ன என்று அன்று காட்டினார். இடுப்பு முடிச்சிலிருந்து வெள்ளைக் கல் ஒன்றை எடுத்தார். வெங்கச்சங்கல். அதன் கூரான விளிம்பில் இலவம்பஞ்சைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அரத்துண்டை மேலிருந்து கீழாக ஒரு வெட்டு வெட்டினார். இரண்டாவது வெட்டில் பொறி பஞ்சில் விழுந்து செம்புள்ளியாகப் பரவியது. காய்ந்த புல்லுக்குள் பொதிந்து ஊதினார். குப்பென்று தீ. தாத்தா பட்டறைத் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, பக்கத்தில் நின்று பார்த்தார். வேலை நேரத்தில் அவர் அரத்தைக் கீழே வைத்து நான் கண்டது அபூர்வம்.

சிவகாசித் தீப்பெட்டி சில பைசாவுக்குக் கிடைத்த காலத்தில் இது எதற்கு என்று பளியத் தாத்தாவிடம் கேட்டேன். நமுத்த தீக்குச்சியை நம்பி மலைமழையில் ராத்தங்க முடியாது என்றார். தேன் எடுக்கப் போகும்போது இடுப்பில் கல்லும் எஃகும் இல்லாமல் கிளம்பமாட்டார்களாம். நிலவில்லாத இரவில், பாறை விளிம்பிலிருந்து காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணியில் இறங்கி, பச்சைத்தழைப் புகைபோட்டுப் பெருந்தேனீயை விலக்கி அடை அறுப்பார்கள். மேலே கொடியைக் காத்து நிற்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தன் அக்கா தங்கையின் தாலிக்கு அவன்தானே பொறுப்பு! இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பின்னாளில் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் பளியர் பகுதியைப் படித்தேன். அங்கேயும் அந்த வெள்ளைக் கல், எஃகு, இலவம்பஞ்சு. பக்கத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த எஃகு எந்தப் பட்டறையில் தேய்ந்து போனதோ? மலையும் சமவெளியும் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன என்று இப்போது யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

அரத்துக்குக் கைம்மாறாக ஒரு வருடம் பளியத் தாத்தா தன் தோள் கூடையைக் கழற்றி என் தாத்தாவிடம் வைத்துவிட்டுப் போனார். தேய்பிறையில் வெட்டிய மூங்கில். உளுக்காது என்று சொல்லித்தான் கொடுத்தார். பிளாச்சு ஒவ்வொன்றும் ஒரே கனம். கருக்கு உரசாதபடி உள்பக்கம் சீவி வழவழப்பாக்கியிருந்தது. வாய்விளிம்பில் ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியைப் பிளந்து சுற்றியே இறுக்கியிருந்தார். தாத்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவுகோல் இல்லாம செஞ்சிருக்கான்யா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் யாருடைய வேலையையும் லேசில் மெச்சுகிறவர் அல்ல.

ஊர் அப்படிப் பார்க்கவில்லை. ஒருநாள் சீயக்காயை விற்கப் பளியத் தாத்தாவோடு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அவர் வயதில் பாதிகூட இருக்கமாட்டார். "காட்டுல சும்மா கெடக்கறதுக்கு என்னடா வெல" என்றார். தராசைத் தட்டிவிட்டு நிறுத்தார். தாத்தாவின் பேரன் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. மரமேறிப் பறித்துக் காயவைத்து மலையிறங்கிச் சுமந்து வந்ததெல்லாம் அந்தக் கடையில் 'சும்மா' ஆகிப்போனது.

அலிகார் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தபின் எங்கள் பட்டறை நின்றது. அதற்குச் சில வருடம் முன்பே பளியத் தாத்தா வருவதும் நின்றிருந்தது. நத்தம் சாலையில் இருந்து பிரிந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளோடு மலைக்குப் போகும் பாதையில் இன்று கார்கள் ஏறுகின்றன. சிறுமலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. தாத்தாவின் பெயருக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். அந்தக் கூடைக்கும், கொடியேணிக்கும், பாறையில் இறங்கும் அந்தக் கைகளுக்கும் அப்படி ஒரு பட்டயத்தை யாரும் எழுதவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மூங்கிலையும் சிறு வன மகசூல் என்று வகுத்து, சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமைக்கு உயிர் இருப்பது தராசு நேராக நிற்கும்போதுதான்.

மலையடிவாரத்திலோ மேலேயோ ஒரு பளியர் தேனோ கூடையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள். அதைச் செய்த விதத்தையும் கேளுங்கள். பளியத் தாத்தா கொடுத்த கூடை ஐம்பது வருடமாக என் வீட்டில் இருக்கிறது. தாத்தாவின் சாவிகள் அதில்தான் கிடக்கின்றன. இதுவரை ஒரு பிளாச்சுகூட உளுக்கவில்லை.