வானத் தளபதியும் பாலைவன மண்ணும்

உமர் முக்தார் அவர்களின் பெயரை அறியாத முஸ்லிம் இல்லங்கள் குறைவு. எழுபது வயதைக் கடந்த பின்னும் லிபிய நாட்டின் பச்சைமலைப் பகுதியில் குதிரையேறி நின்று போரிட்ட அந்தத் திருக்குர்ஆன் ஆசிரியரை, 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இத்தாலியர் தூக்கிலிட்டனர். அவரைத் தூக்கிலேற்றிய தளபதி கிராசியானியின் பெயரும் நமக்குத் தெரியும். கொடியவர் என்று ஒரே சொல்லில் அவரைக் குறித்துவிடுகிறோம். அதில் நமக்குத் தயக்கம் ஏதுமில்லை.

ஆனால் அதே லிபியாவின் வரலாற்றில் மற்றோர் இத்தாலியத் தளபதி வருகிறார். இத்தாலோ பால்போ என்பது அவர் பெயர். வீரர், கடமையுணர்வு மிக்கவர், பழகுவதற்கு இனியவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதியோர் பலர். அவருடைய வாழ்க்கையைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சில் ஒரு வினா எழுகிறது. கொடியவரை எடைபோடுவது எளிது. நற்குணங்கள் சிலவற்றை உடையவராய் இருந்துகொண்டே அநீதியின் தூணாக நின்ற ஒருவரை எந்தத் தராசில் நிறுப்பது?

1896இல் வட இத்தாலியின் ஃபெர்ராரா நகருக்கு அருகே பிறந்தவர் பால்போ. முதல் உலகப் போரில் மலைப்படையில் பணியாற்றி வீரப் பதக்கங்கள் பெற்றார். போர் முடிந்ததும் முசோலினியின் கருஞ்சட்டைக் கூட்டத்தில் சேர்ந்தார். ஃபெர்ராரா வட்டாரத்தில் உழவர் சங்கங்களைத் தடியாலும் தீயாலும் ஒடுக்கிய படைகளுக்கு அவரே தலைவர். 1922இல் ரோமாபுரியை நோக்கி நடந்த அணிவகுப்பின் நான்கு தலைவர்களில் ஒருவராக நின்றபோது அவருக்கு வயது இருபத்தாறு. மறு ஆண்டு, அவருடைய செல்வாக்குக்கு உட்பட்ட அர்ஜெண்டா ஊரில் ஜொவானி மின்சோனி என்ற பாதிரியார் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தப் பழி பால்போவைத் தொடர்ந்தது. 1924இல் கருஞ்சட்டைப் படையின் தலைமையை விட்டு அவர் விலக நேர்ந்தது.

விழுந்தவரை வானம் ஏந்திக்கொண்டது. 1926இல் வான்படைத் துறையின் துணைச் செயலர். 1929இல் அத்துறையின் அமைச்சர். துறையை ஏற்ற பின்னரே விமானம் ஓட்டக் கற்றார் என்பர். ஒற்றை விமானி செய்யும் சாகசத்தில் அவருக்கு நாட்டமில்லை. பல விமானங்கள் ஓரணியாகப் பறக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1931 சனவரியில் கடல்விமானங்களின் அணியொன்றைத் தாமே நடத்தி, தென் அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசில் சேர்ந்தார். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பும் வேளையில் ஐந்து வீரர்கள் மாண்டனர். 1933 சூலை முதல் நாள் இத்தாலியின் ஒர்பெத்தெல்லோவிலிருந்து 25 கடல்விமானங்கள் புறப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் ஒன்று கவிழ, எஞ்சிய 24ம் வட அட்லாண்டிக்கைக் கடந்து சூலை 15ஆம் நாள் சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் இறங்கின. அந்நகரம் ஒரு வீதிக்கே அவர் பெயரைச் சூட்டியது. பெரும் விமான அணியைக் குறிக்க ஆங்கிலேய விமானிகளிடையே 'பால்போ' என்ற சொல்லே வழங்கலாயிற்று. திரும்பி வந்ததும் அவருக்கு வான்படை மார்ஷல் பட்டம் அளிக்கப்பட்டது.

வானில் வரையப்பட்ட இந்த ஓவியத்தைக் கண்டு உலகம் கைதட்டியது. அதே ஆண்டுகளில் அதே நாட்டின் விமானங்கள் வேறொரு நிலத்தின் மேலும் பறந்துகொண்டிருந்தன. உலகில் முதன்முதலாக விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்ட மண் லிபியாவே. 1911 நவம்பர் முதல் நாள் திரிப்போலிக்கு அருகே இத்தாலிய விமானி ஒருவர் கையால் எடுத்தெறிந்த சிறு குண்டுகளே அவை. இருபது ஆண்டுகளுக்குள் அந்த விதை மரமாகிவிட்டது. 1930இல் தாசிர்போ என்னும் பாலைச்சோலையில் நச்சுவாயுக் குண்டுகள் வீசப்பட்டன. 1931 சனவரியில் குஃப்ரா வீழ்ந்தபோது, பெண்டு பிள்ளைகளோடு பாலையில் தப்பியோடிய மக்களை விமானங்கள் விரட்டிச் சென்று தாக்கின. பச்சைமலை மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டுப் பல்லாயிரவராய் மடிந்தனர்.

கட்டளையிட்டவர்கள் லிபியாவை ஆண்ட பதோலியோவும் கிராசியானியும் என்பது உண்மை. ஆனால் விமானங்கள் பால்போவின் துறைக்குரியவை. பிரேசில் சென்ற அணியை அவர் பெருமிதத்தோடு நடத்திய அந்த சனவரி மாதத்தில்தான் குஃப்ரா மக்கள் மணலில் மாண்டார்கள். இரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது நம் உள்ளம் கனத்துப்போகிறது.

அவருடைய புகழ் தம் தலைக்கு மேல் வளர்வதை முசோலினி விரும்பவில்லை. 1933 இறுதியில் அமைச்சர் பதவியைப் பறித்து லிபியாவின் ஆளுநராக அனுப்பினார். பதவி உயர்வு போலத் தோன்றிய நாடு கடத்தல் அது. அங்கும் பால்போ சும்மா இருக்கவில்லை. துனீசிய எல்லை முதல் எகிப்திய எல்லை வரை சுமார் 1800 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரைச் சாலை அமைத்தார். 1937 மார்ச்சில் அதைத் திறக்க வந்த முசோலினிக்குத் திரிப்போலியில் 'இஸ்லாத்தின் வாள்' என்ற பெயரால் ஒரு வாள் வழங்கப்பட்டது. அவ்விழாவை ஏற்பாடு செய்தவர் பால்போ. வாள் வார்க்கப்பட்டதோ இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில்! உமர் முக்தார் தூக்கிலேறி ஆறு ஆண்டுகள்கூட முடியவில்லை.

1938இல் 20,000 இத்தாலியக் குடியேறிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து குடியமர்த்தினார். அவர்களுக்குப் புது வீடும் விளைநிலமும் ஆயத்தமாகக் காத்திருந்தன. பச்சைமலையில் அந்த நிலம் யாருடையது? முகாம்களுக்கு விரட்டப்பட்டவர்களுடையது, ஸனூஸி ஸாவியாக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு முழு இத்தாலியக் குடியுரிமை வழங்கவேண்டும் என்று பால்போ ரோமாபுரியிடம் வாதாடியதையும் நாம் மறைக்கலாகாது. 1939இல் கிடைத்ததோ லிபியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் அரைகுறை உரிமை. பறித்த நிலத்துக்கு ஈடாக ஒரு துண்டுக் காகிதம்.

அவரிடம் துணிவும் இருந்தது. 1938இல் யூதர்க்கெதிரான இனச்சட்டங்கள் வந்தபோது, தலைவரின் முன்னிலையிலேயே எதிர்த்துப் பேசிய மிகச் சிலரில் அவர் ஒருவர். ஃபெர்ராரா நகரின் தலைவராயிருந்த யூதரான ரென்சோ ரவென்னாவின் நட்பை அவர் கைவிடவில்லை. ஹிட்லருடன் கூட்டு வேண்டாம் என்றும் வாதிட்டார். ஆயினும் 1936இல், தங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமையன்று கடை திறக்க மறுத்த திரிப்போலி யூதர்களைப் பொதுவிடத்தில் சவுக்கால் அடிக்கச் செய்தவரும் அவரே. நண்பனுக்காக எழுந்த மனச்சான்று, ஆளப்பட்டவனுக்காக எழவில்லை.

1940 சூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் குதித்தது. வேண்டாம் என்று சொன்ன போருக்கே வட ஆப்பிரிக்காவில் அவர் தலைமை ஏற்றார். ஒரு காலத்தில் உலகை வியக்கவைத்த வான்படையின் போர்விமானங்களில் பல இன்னும் பழைய இரட்டைச் சிறகு வகையே. எல்லையில் ஆங்கிலேயரின் கவச வண்டிகள் நாள்தோறும் தொல்லை தந்தன. சூன் 28ஆம் நாள் மாலை, டெர்னாவிலிருந்து எல்லை நோக்கிக் கிளம்பிய அவருடைய விமானம் தொப்ருக் துறைமுகத்தை அடைந்தது. சற்றுமுன்புதான் ஆங்கில விமானங்கள் அங்கே குண்டு வீசிச் சென்றிருந்தன. பதற்றத்தில் இருந்த இத்தாலியப் பீரங்கிகள் வருவது யார் என்று பார்க்கவில்லை. விமானம் தீப்பற்றி விழுந்தது. உறவினர்களும் நண்பர்களும் உட்பட உடனிருந்த அனைவரும் அவரோடு மாண்டனர்.

முசோலினியின் சதி என்று அன்று பலர் முணுமுணுத்தனர். சான்றுகள் விபத்தையே காட்டுகின்றன. பகைவரான ஆங்கிலேயரே விமானத்தில் வந்து இரங்கற் செய்தியும் மலர்வளையமும் போட்டுச் சென்றனர். திரிப்போலி மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடலுக்கு அங்கே நிலைத்த இடமில்லை. 1970இல் இத்தாலியர்கள் லிபியாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது, எச்சங்களும் தோண்டி எடுக்கப்பட்டு ஒர்பெத்தெல்லோவுக்குச் சென்றன. அட்லாண்டிக்கைக் கடக்க அவர் புறப்பட்ட ஊர் அதுதான்.

அவருக்கு மலர் தூவிய பகைவர்கள் இருந்தார்கள். குஃப்ரா மணலில் மாண்ட தாய்மார்களுக்கு மலர் தூவ எந்த விமானமும் வரவில்லை. போர்வீரர்கள் ஒருவரையொருவர் மதித்துக்கொள்ளும் பண்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்த மதிப்பு மேலே பறப்பவர்களுக்குள் மட்டும் நின்றுவிடுகிறது; கீழே இருப்பவனின் கணக்கு அதில் சேர்வதில்லை.

நாம் எழுப்பிய வினாவுக்கு நமக்குத் தோன்றும் விடை இதுவே. பால்போவின் வீரத்தை மறுக்கவேண்டியதில்லை; இனச்சட்டத்தை எதிர்த்த துணிவை மூடிமறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் எழுதிவிட்டு, அதே ஏட்டில் பச்சைமலையின் நிலத்தையும் எழுதவேண்டும். நம் பிள்ளைகளுக்கு உமர் முக்தாரின் கதையைச் சொல்லும்போது கிராசியானியோடு நிறுத்திவிடாமல் பால்போவையும் சொல்லுவோம். அநீதி எப்போதும் கொடிய முகத்தோடுதான் வரும் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. சில வேளைகளில் அது சாலை போட்டுக் கொடுத்து, புன்னகையோடு வாளும் நீட்டிக்கொண்டு வரும்.