லாரி வாசலில் நிற்கிறது!

"வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளமா? கொடுத்து வைத்தவள் நீ!" என்று என்னிடம் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. வாசக சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் இப்போது ஒரு மகளோ மருமகளோ கூடத்து மூலையில் கணினியை வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகையால் இந்தக் 'கொடுத்து வைத்த' சமாசாரத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு திருவள்ளூரில். உத்தியோகம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையில், இரும்புச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில். பெயர் வேண்டாமே! இரண்டு ஊரும் ஒரே ஜில்லாதான். ஆனால் ரயில்காரர்களுக்கு அந்த விஷயம் தெரியாது போலிருக்கிறது. திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி கூடூர் பாதையில். ரயிலில் போவதென்றால் பட்டணம் வரை போய், பேஸின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து மறுபடியும் வடக்கே வரவேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழி. ஆடி மாதம் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம். போக வர எனக்கு நாலு மணி நேரம் ஆகும்.

2020 மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. உலையையும் உருட்டாலையையும் யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கணக்கை முடியும். பிறகு ஆலை திறந்தும், எங்கள் பகுதிப் பெண்களில் சிலரை, "நீங்கள் வீட்டிலிருந்தே பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. குழந்தைக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்ப முடிந்தது. இதற்கெல்லாம் நான் நன்றி கெட்டவள் அல்ல.

ஆனால் லாரியை மறந்துவிட்டேனே! அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சரக்கு லாரி கிளம்புமுன் சர்க்காரின் கணினியில் பதிந்து 'ஈ-வே பில்' என்று ஒரு சீட்டு வாங்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து, மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் இது கட்டாயம். எங்கள் பேட்டையிலிருந்து ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. ஆகையால் அநேகமாக எல்லா லாரிக்குமே சீட்டு வேண்டும். வழியில் லாரி பழுதாகி வேறு லாரியில் சரக்கை மாற்றினால், புது வண்டியின் எண்ணைத் திரும்பப் பதிய வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடுவும் உண்டு.

நான் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சாயங்காலம் சங்கு ஊதும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதன் பிறகு வரும் லாரி இரவு முறைக்காரர் பாடு. இப்போதோ கணினி என் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஏது சங்கு? இரவு ஒன்பதரை மணிக்கு, தட்டில் சாதத்தைப் போட்ட பிறகு, டெலிபோன் அலறுகிறது. "அம்மா, லாரி வாசலில் நிற்கிறது! அஞ்சு நிமிஷ வேலைதான்!"

அஞ்சு நிமிஷம்தான், வாஸ்தவம். ஆனால் அந்த அஞ்சு நிமிஷம் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கிறேனே, அது ராத்திரி முழுவதும் அல்லவா? லாரி காத்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் முறை வைத்து ஆள் போடட்டும். அதற்குக் கூலியும் தரட்டும். ஆலை என்றால் இரவு முறைக்கு ஆள் வைத்தே தீர வேண்டும். வீடு என்றவுடன் அந்தக் கணக்கு எப்படி மறந்துபோகிறது?

அடுத்தது மின்சாரம். எங்கள் ஜில்லாவுக்கு வீட்டில் இருந்து வேலை பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. பொதட்டூர்ப்பேட்டைப் பக்கமும் அம்மையார்குப்பத்திலும் போய்ப் பாருங்கள்; வீடு என்றால் தறியும் சேர்ந்ததுதான். நெய்கிறவர் விடியற்காலையில் உட்கார்ந்தாரா, நடுப்பகலில் உட்கார்ந்தாரா என்று நூல் கொடுத்தவர் கேட்பதில்லை. துணி சரியாக வந்ததா என்பதுதான் பேச்சு. நெசவாளியின் கூலி பிரமாதம் என்று சொல்லவரவில்லை. அந்தக் கஷ்டம் தனிக் கதை. ஆனால் வீட்டுத் தறியும் ஒரு தொழில்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023-இல் இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கைத்தறிக்கு 300 யூனிட்டும் இலவசம் என்று உயர்த்தினார்கள்.

எனக்கோ எல்லா வீட்டுக்கும் உள்ள 100 யூனிட்தான். பகல் முழுவதும் விசிறியும் கணினியும் ஓடுகின்றன. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று நினைக்காதீர்கள். கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. ஆலையில் நான் உட்கார்ந்திருந்தபோது யார் இந்தப் பணத்தைக் கட்டினார்கள்? முதலாளிதானே? போர்ச்சுகல் தேசத்தில் 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டம், இப்படி ஏற்படும் அதிகச் செலவை முதலாளியே கொடுக்க வேண்டும் என்கிறது. ஓய்வு நேரத்தில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவும் கூடாதாம். நம் மக்களவையிலும், வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பை ஏற்க மறுக்கும் உரிமை வேண்டும் என்று சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

கொஞ்ச நாள், காமிராவை நாள் முழுவதும் திறந்து வைக்கச் சொன்னார்கள். ஆலையில்கூட என் எதிரில் நின்று யாரும் எட்டு மணி நேரம் முகத்தைப் பார்த்ததில்லை! என் மாமியார் கூடத்தில் நடமாடக் கூசி, அடுக்களையிலேயே அடைந்து கிடந்தார். வேலை முடிந்ததா என்று கணக்கைப் பார்த்தால் தெரியாதா?

நிற்க. எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயம் வேறு. பொன்னேரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். என்னைவிட நல்ல கணக்குக்காரி. பிரசவ விடுமுறை முடியும் சமயம், சில மாதம் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டாள். 2017-இல் பிரசவகாலச் சட்டத்தைத் திருத்தி, விடுமுறையை 26 வாரமாக்கியபோதே இதற்கும் ஒரு விதி செய்தார்கள். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் முதலாளி 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. அந்த 'லாம்' அவளைக் கவிழ்த்துவிட்டது. ஊரடங்கில் ஆலைக்குச் சௌகரியமாக இருந்த அதே ஏற்பாடு, அவளுக்குச் சௌகரியமாகக் கேட்டபோது முடியாததாகிவிட்டது. கைக்குழந்தையை விட்டு வர வழியில்லாமல் ராஜிநாமா எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரவு லாரிக்கு முறையும் கூலியும். மின்சாரத்துக்கு ஒரு தொகை. காமிரா கூட்டத்தின்போது மட்டும். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, திரும்பியபின் வீட்டு வேலை உண்டா இல்லையா என்பதை அவள் போகுமுன்பே எழுத்தில் சொல்லிவிடுவது. இவ்வளவுதான்.

முறைப் பட்டியல் வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் எனக்கு. அந்த இரண்டு ராத்திரிக்கும் தனிக் கூலி. காமிராப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மின்சாரத்துக்கு, "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். நாலாவதற்குப் பதிலே இல்லை. எங்கள் பகுதியில் இன்னொரு பெண் தை மாதம் விடுமுறையில் போகிறாள். அதற்குள் பதில் வேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதி, இந்தத் தடவை அவளும் நானுமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.