ரெண்டு நிமிஷ ஃப்ளைட்டும் 120 நிமிஷக் கணக்கும்

உலகத்துலயே ரொம்பக் குறைஞ்ச தூரம் போற பயணிகள் விமானம் எங்க ஓடுதுன்னு தெரியுமா மக்களே? ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்துல. வெஸ்ட்ரே தீவுலேர்ந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. 2.7 கிலோமீட்டர். அட்டவணைப்படி ரெண்டு நிமிஷம். காத்து தோதா இருந்த ஒரு நாள் 53 செகண்ட்ல இறங்கினதுதான் ரெக்கார்ட். 1967-ல லோகன்ஏர் ஆரம்பிச்ச சர்வீஸ் இது.

ஸ்காட்லாந்துல வேலை பார்த்த காலத்துல இதுக்குன்னே லீவு போட்டுப் போனேன். (ஆமா, பைத்தியம்தான்.) ஐலாண்டர்னு குட்டி விமானம், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. கை நீட்டினா பைலட் தோள். மேல ஏறினோம், கீழ கடல் தெரிஞ்சுது, இறங்கிட்டோம். பக்கத்துல இருந்த உள்ளூர்ப் பெரியவர் படிச்சிட்டிருந்த பேப்பரை மடிக்கவே இல்லை.

அவர்கிட்ட "ரெண்டு நிமிஷத்துல வந்துட்டோமே!"ன்னு சொன்னேன். சிரிச்சார். "மூடுபனி இறங்கட்டும், நாளைக்குக்கூட வர முடியாது" என்றார்.

டாக்டரா எனக்கு அந்த வார்த்தை உள்ள போய் உட்கார்ந்துடுச்சு. ஏன்னா மாரடைப்புல நாங்க பார்க்கறது கிலோமீட்டரை இல்ல, நிமிஷத்தை.

இதய ரத்தக்குழாய் முழுசா அடைச்ச மாரடைப்புன்னு இசிஜி சொல்லிடுச்சுன்னு வைங்க. முதல் சாய்ஸ் ஆஞ்சியோபிளாஸ்டி. ஆனா நோயைக் கண்டுபிடிச்சதுலேர்ந்து 120 நிமிஷத்துக்குள்ள அது நடக்கும்னு இருந்தாத்தான். இல்லைன்னா காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அங்கேயே போடணும், கண்டுபிடிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள போட்டா ரொம்ப நல்லது.

இப்ப ஆர்க்னி மேப்பை எடுங்க. தீவுகளோட பெரிய ஆஸ்பத்திரி கிர்க்வால் ஊர்ல. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அங்கேர்ந்தும் கடல் தாண்டி அபர்டீன் போகணும், சுமார் 200 கிலோமீட்டர். பறக்கிற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. "அப்ப 120-க்குள்ள வந்துடுமே"ன்னு தோணும். வராது. ஏர் ஆம்புலன்ஸ் கிளம்பி வரணும், ஆளை ஏத்தணும், பறக்கணும், இறங்கி ஆஸ்பத்திரிக்கு ரோடுல போகணும், கேத் லேப்ல டீம் ரெடியா இருக்கணும். இதுல பறக்கிறது ஒரு துண்டுதான். மேல மூடுபனி வேற.

அதனால அந்த மாதிரி இடங்கள்ல ஊசிதான் முதல்ல. அதுக்கும் ஒரு கெடு உண்டு: வலி ஆரம்பிச்ச 12 மணி நேரத்துக்குள்ள, முடிஞ்சவரை முதல் சில மணி நேரத்துலயே. எப்பவாவது மூளையில ரத்தக்கசிவு வந்தவங்களுக்கும், சமீபத்துல பெரிய ஆபரேஷன் ஆனவங்களுக்கும் போட முடியாது. அதான் "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"ன்னு நாங்க திரும்பத் திரும்பக் கேக்கறது.

ஊசி போட்டுட்டா வேலை முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. சிலருக்கு அடைப்பு கரையாது. அதனால ஊசி போட்ட கையோட அபர்டீனுக்கு ஃப்ளைட் ஏத்திடுவாங்க. அடுத்த இசிஜி 60-லேர்ந்து 90 நிமிஷத்துல.