கஞ்சித் தண்ணியும் சீக்காயும்

பங்குனி வெயில் ஏறினால் போதும், வடகம் காய்கிற மாடிகளில் இன்னொரு பாயும் விரியும். ஒரு பக்கம் சீக்காய், ஒரு பக்கம் பச்சைப்பயறு, வெந்தயம். நடுவில் எங்கள் ஆயா சேர்த்துவைத்த எலுமிச்சம்பழத் தோல். பிழிந்த பழத்தின் தோலை யாரும் அந்த வீட்டில் குப்பையில் போட்டுவிட முடியாது. அது அவள் சொத்து. பூலாங்கிழங்கு, செம்பருத்தி இலை, காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் அதனதன் முறத்தில் இருக்கும். அப்புறம் வெட்டிவேர். கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு வெட்டிவேருக்கு என்ன பஞ்சம்? நொச்சிக்காட்டு மணலில் விளைகிறதே. வாங்கிய கட்டில் ஒரு முடிச்சு பானைத் தண்ணிக்கு, ஒரு முடிச்சு புடவைப் பெட்டிக்கு, மிச்சம் சீக்காயோடு.

காய்ந்த சீக்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விதை கலகலவென்று பேசினால் பதம். பேசாத காயை அரைத்தால் மாவு நமத்துப் போகும், ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். காயை உடைத்து விதை எடுப்பது பிள்ளைகள் வேலை. நகக்கண்ணில் தூள் ஏறி எரியும். எரிகிறது என்றால், "போய் கை கழுவிட்டு வாடா, வந்து மறுபடி உக்காரு" என்பாள் ஆயா. வேலையிலிருந்து விடுதலை கிடையாது.

மாவு மில்லில் சீக்காய்க்கென்று ஒரு மிஷின் மூலையில் தனியாக இருக்கும். அதில் வேறு எதையும் அரைக்க மாட்டார்கள், அரைத்தால் அந்த மாவு கசந்துபோகும். அரைக்கிறவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார். நாம் டின்னைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாலும் தும்மல் விடாது. மில்காரர், தவிட்டுக்கு வந்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர் என்று வரிசையாகத் தும்முவார்கள். வெதுவெதுப்பான அந்த மாவின் வாசம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மண், அடியில் வெட்டிவேர். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் கொட்டி நன்றாக ஆறவிட்டுத்தான் டின்னில் அடைக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை ஆண்பிள்ளைகளுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு வெற்றிலையும் போட்டு ஆயா சூடு பண்ணுவாள். மிளகு வெடித்ததும் இறக்குவாள். கோவணத்தோடு திண்ணையில் உட்கார்ந்தால் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டுவாள் பாருங்கள், அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். காதில் ஒரு சொட்டு, தொப்புளில் ஒரு சொட்டு. கால் பெருவிரலை இழுத்துச் சொடக்கெடுக்கிற வரை அவளுக்குத் திருப்தி வராது. எண்ணெய் ஊறுகிற நேரத்தில் வெளியே ஓடக்கூடாது, காற்று படக்கூடாது. கிணற்றடியில் தவலைத் தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும், விறகுப் புகையில் கண் கரிக்கும்.

சீக்காயை வெறும் தண்ணியில் கரைக்க மாட்டாள். வடித்த கஞ்சியில்தான். சீக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அழுக்கை எடுப்பது சாபோனின் என்கிற சரக்கு என்று பிற்பாடு படித்தேன். சீக்காய் ஷாம்பு மாதிரிப் பொங்கி வழியாது, கொஞ்சமாய்த்தான் நுரைக்கும். வெந்தயம் வழவழப்புக் கொடுக்கும், முடி சிக்காது. கஞ்சி, அந்தப் பொடியைத் தலையில் ஒட்டவைக்கும். ஆயா இதெல்லாம் படிக்கவில்லை. கொழகொழவென்று குழைத்து, "கண்ண மூடு, தெறந்தா நான் பொறுப்பில்ல" என்பாள். எப்படியும் ஒரு திவலை உள்ளே போகும். சிவந்த கண்ணோடு அழுதால் முந்தானையை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி இமையில் ஒற்றுவாள். அந்த முந்தானையில் வெங்காயம், சாம்பல், வெற்றிலைப் பாக்கு எல்லாம் கலந்து மணக்கும். குளித்து முடித்தால் அன்றைக்கு மிளகு ரசம், பகலில் தூங்கக்கூடாது. இமை சொக்கும். திண்ணையில் உட்காரவைத்து ஏதாவது கதை சொல்லித் தூங்காமல் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, சித்திகள் ஈரக் கூந்தலை அதன்மேல் விரித்துக் கிடப்பார்கள். பேச்சும் சிரிப்பும் கூடவே புகையும். பிறந்த குழந்தைக்குத் தனிச் சாமான்: பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, துணியில் சலித்தது. ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் பிள்ளையைக் கிடத்தி வார்ப்பாள். பிள்ளைக்கு மையும் வீட்டில்தான் கூட்டுவார்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிய விட்டு, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். விடிந்து சட்டியைத் திருப்பினால் உள்ளே பட்டுப்போல் கரி படிந்திருக்கும். பொட்டுக்கு ஜவ்வரிசி. கருக வறுத்து, தண்ணி விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்தால் வருஷம் முழுக்க வரும். ஈரவிரலால் தொட்டு வைத்துக்கொள்வார்கள்.

நம்ம ஊரிலிருந்துதான் ஷாம்பு பாக்கெட்டும் கிளம்பியது. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழி கண்டார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பு தொடங்கினார். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கியது. கூலி வேலைக்குப் போகிற பெண்ணும் சில்லறைக் காசில் வாங்கித் தலைக்கு ஊற்றிக்கொண்டு அரை மணியில் வேலைக்குக் கிளம்ப முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு பகலையே ஒதுக்கிவைக்க எத்தனை வீடுகளால் ஆகும்? சித்திகளும் மாறினார்கள். ஆயா மட்டும் அந்தப் பாக்கெட்டை முகர்ந்து பார்த்து, "பூ வாசம்தான் அடிக்குது, ஆனா என்ன பூன்னு தெரியலியே" என்று வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

இப்போது நான் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி. நாட்டு மருந்துக்கடையில் எல்லாம் கிடைக்கிறது. பெயர் சொன்னால் நிறுத்து, அரைத்தே தந்துவிடுகிறார்கள். அதே கஞ்சி, அதே வெந்தயம். எண்ணெயை நானே தேய்த்துக்கொள்கிறேன். தலைக்கு எட்டுகிறது, முதுகின் நடுவில் கை போகவில்லை. கண்ணில் சீக்காய் பட்டால் குழாயைத் துழாவித் திறக்கிறேன். போன மாதம் குளியலறைத் தண்ணி போகாமல் நின்றது. குழாய்க்காரர் ஜல்லடையைக் கழற்றி, பழுப்பான சக்கையை வாரிப் போட்டுவிட்டு, "என்ன சார் போடறீங்க, இது பைப்ப அடைச்சிடும்" என்றார். ஊரில் அந்தத் தண்ணி நேரே வாழைக்குப் போகும், அடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அவரிடம் சீக்காய் என்றேன். எங்க அம்மாவும் போடுவாங்க சார் என்று சொல்லிவிட்டு ஜல்லடையைத் திரும்ப மாட்டினார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கரைத்ததைத் துணியில் வடிகட்டித்தான் தேய்க்கிறேன்.