அவள் கைக்கு அமைந்த திரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லேத் இயந்திரத்தின் முன் நின்றவன் நான். ஒரே இயந்திரத்தில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் வேலை செய்தோம். எனக்கு முந்தைய ஷிப்டுக்காரர் உயரமானவர். காலடியில் கிடக்கும் மரப்பலகையை அப்புறப்படுத்திவிடுவார். நான் வந்ததும் அதைத் தேடியெடுத்துப் போட்டுக்கொள்வேன். அவர் வலப்புறம் திருப்பிவைத்த விளக்கை நான் இடப்புறம் திருப்புவேன். இயந்திரம் கம்பெனிக்குச் சொந்தம்; ஆயினும் அந்த எட்டு மணி நேரம் அது நம் உடம்புக்குத் தக்கபடி அமைந்தாக வேண்டும். இல்லையேல் வேலையும் கெடும், இடுப்பும் கெடும். இவ்வளவு அறிந்திருந்த நான், என் வீட்டிலேயே, என் மனைவியின் காரியத்தில் அதை மறந்துபோனேன். அந்தத் தவறை எனக்குக் காட்டியது ஒரு கணினி.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. மறு ஆண்டு பிளஸ் டூ படித்த எங்கள் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. ஆவடியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது 'பாஸ்' என்னும் லினக்ஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 1991-இல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உள்ளே திறந்து மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

முதல் வாசலில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. அந்தப் பதிப்பை அப்படித்தான் செய்து விற்றார்கள். மகள் அலுத்துப்போய் இரண்டாம் வாசலில் குடியேறினாள். அங்கே பட்டையை இடம் மாற்றினாள், எழுத்துருவை மாற்றினாள், வாரத்துக்கொரு வண்ணம் பூசினாள். படிக்கிற பிள்ளைக்கு இது வீண் விளையாட்டு என்று நான் கடிந்துகொண்டதும் உண்டு.

2014-இல் என் மனைவியைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு மெல்லத் திரும்பிற்று; வலக்கை திரும்பவில்லை. எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை முத்து முத்தான எழுத்தில் எழுதிவந்தவள் அவள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காட்சி பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, மகளின் கணினியை அவளுக்கென்று தயார் செய்தேன். எழுத்துகளைப் பூதாகரமாக்கினேன். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து. ஒரேயொரு படக்குறியை விட்டு மற்ற அனைத்தையும் நீக்கினேன். பெருமையோடு அவள் முன் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் சற்று நேரம் பார்த்தாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரவு, விளக்கணைத்த பிறகு சொன்னாள்: "என்னங்க, எனக்குக் கைதான் போச்சு. கண்ணு நல்லாத் தெரியுது. புத்தியும் இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்பு என்று எண்ணி நான் செய்தது, அவளைக் கேளாமலே அவளை ஒரு குழந்தையாகத் தீர்மானித்ததுதான்.

அடுத்த வாரம் விடுமுறைக்கு வந்த மகள், தாயின் அருகே ஸ்டூலைப் போட்டு அமர்ந்தாள். நான் மாற்றியவற்றையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். மவுஸின் பொத்தான்களை இடக்கைக்கு மாற்றினாள். இரட்டைச் சொடுக்கின் இடைவெளியைக் கூட்டினாள். பழகாத கை இரண்டாவது முறை அழுத்தும்வரை கணினி காத்திருந்தது. அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு 'ஒட்டு விசைகள்' என்றொரு வசதியை இயக்கினாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில், ஒன்றை அழுத்தி விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தலாம். கணினி முதலாவதை நினைவில் வைத்திருக்கும்.

இதன் அருமை எனக்கு உடனே விளங்கவில்லை. தமிழ் தட்டச்சுக்கென 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் ஷிப்ட் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒற்றை விரலால் தட்டுகிறவளுக்கு அது முடியாது. என் பெயரோ 'ஜ' என்ற எழுத்தில் தொடங்குவது. ஒட்டு விசை இயங்கிய அன்று அவள் முதன்முதலாகத் தட்டியது என் பெயரைத்தான். என்மீது அவளுக்கிருந்த வருத்தம் தீர்ந்தது என்பதை அப்படித்தான் அறிவித்தாள்.

நான் செய்த பிழையைப் பெரியவர்களும் செய்கிறார்கள் என்று மகள் பின்னர் சொன்னாள். லினக்ஸில் பலர் புழங்கிய க்னோம் என்னும் திரையமைப்பு 2011-இல் மூன்றாம் பதிப்பில் அடியோடு மாற்றப்பட்டது. எளிமை கருதியே ஆக்கியோர் மாற்றினர். விரும்பி ஏற்றோரும் உண்டு. ஆனால், பழைய இடத்தில் பழைய பொருளைத் தேடிய கைகள் தவித்தன. அர்ஜென்டினா நாட்டுப் பயனர் ஒருவர் பழைய க்னோமின் நிரலை எடுத்து, அதை 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்து வாழவைத்தார். திறந்த மென்பொருள் ஆதலால் அது முடிந்தது.

சில ஆண்டுகளில் எங்கள் கணினி மூப்படைந்தது. இரண்டு ஜி.பி. நினைவகத்தில் புதிய மென்பொருள்கள் மூச்சு வாங்கின. குறைந்த நினைவகத்திலும் ஓடக்கூடிய எக்ஸ்எஃப்சிஈ என்ற திரையமைப்பை மகள் நிறுவித் தந்தாள். இம்முறை அமைப்புகள் அனைத்தையும் மனைவியே தன் இடக்கையால் செய்துகொண்டாள். பட்டையை இடது ஓரத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். குழுவின் கணக்கு அவளிடம் திரும்பி வந்தது.

2021-இல் அவள் எங்களை விட்டுப் பிரிந்தாள். மறு ஆண்டு, உயிர்போகும் நிலையிலிருந்த அந்தக் கணினிக்குப் பதிலாக மகள் வேறொன்றைக் கொண்டுவந்தாள். "அப்பா, அம்மா வெச்சிருந்ததெல்லாம் போயிடும்னு பயப்படாதீங்க" என்றாள். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் 'ஹோம்' என்றொரு கோப்புறை உண்டு. இல்லம் என்று பொருள். அவரவர் செய்துகொண்ட அமைப்புகள் அதனுள், புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட கோப்புகளில் மறைந்திருக்கும். அந்த இல்லத்தை அப்படியே பெயர்த்துவந்து புதிய கணினியில் வைத்தாள். திறந்து பார்த்தேன். இடது ஓரத்தில் அதே பட்டை. என் வலக்கை மவுஸை அழுத்தியபோது தவறான பட்டியல் விரிந்தது. அது அவள் கைக்கு அமைந்த திரையல்லவா?

மாற்ற மனம் வரவில்லை; மாற்றாமல் புழங்கவும் முடியவில்லை. மகள் எனக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றைத் தொடங்கித் தந்தாள். ஒரே இயந்திரத்தில் இப்போது இரண்டு இல்லங்கள்.

சென்ற ஆண்டு, கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் வலக்கை விழுந்தது. அவருக்கென மூன்றாவது கணக்கொன்று தொடங்கி, மனைவியின் அமைப்புகளை அதில் நகலெடுத்தேன். அவர் இரண்டு நிமிடம் மவுஸை நகர்த்திப் பார்த்தார். "சார், இந்த அம்பு ஆமை மாதிரி போகுதே. இதைக் கொஞ்சம் வேகமாக்கலாமா?" என்றார்.

ஒரு கணம் மனம் சுருங்கியது. அது அவள் வைத்த வேகம். ஆனால் அந்த இரவின் குரல் காதில் ஒலித்தது. அமைப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டினேன். உதவ நீண்ட என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தடுமாறி, தவறி, மீண்டும் முயன்று, தமக்கு வேண்டிய வேகத்தைத் தாமே வைத்துக்கொண்டார்.